ராமோ சாமி: கடல் கடந்த வித்தைக்காரரின் நாடோடி வாழ்வு

ஆங்கில இதழ்களில் ‘ராமோ சாமி’ என வழங்கிய பெயரை ‘ராமசாமி’ என்பதன் திரிபாகக் கொள்வதே பொருந்தும். 1810களில் இலண்டன் அரங்குகளில் தோன்றிய இந்திய வித்தைக்காரருள் நெடுங்காலம் புகழுடன் விளங்கியவர் இவர். 1819இல் அமெரிக்காவிலும் வித்தை காட்டினார்.

வாள் விழுங்குதலே இவருக்குப் பெரும்பெயர் ஈட்டித் தந்தது. எனினும் நுட்பம் மிக்கது மணி கோத்தலே. மணிகளையும் குதிரைமயிரையும் தனித்தனியே வாயிலிட்டு, கையுதவியின்றிக் கோத்த சரமாக வெளியே இழுப்பார். சிமிழளவு பொருளே போதும். மூட்டை சுமந்து ஊர்ஊராய்த் திரிபவருக்கு இதனினும் ஏற்ற வித்தை அரிது.

இந்திய வித்தைக்காரரின் பந்தாட்டத்தைக் கண்ட ஹாஸ்லிட், 1821இல் வெளிவந்த தம் கட்டுரையில், அத்தேர்ச்சியின்முன் தம் எழுத்தாற்றலைக் குறைத்தே மதிப்பிட்டார். ஆயின் அவ்வியப்பு வருவாயாக நிலைக்கவில்லை. 1850இல் ராமோ சாமி இலண்டனில் இறந்தபோது, அடக்கச் செலவுக்கு அவர்தம் மனைவி பிறரிடம் பொருளுதவி வேண்ட நேர்ந்தது.