கடற்கரை ஊரில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறீர்களா? மதர்போர்டில் கவனம்!

பாகங்களைத் தனித்தனியே வாங்கி வீட்டிலேயே கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "என்ன பிராசசர் போடலாம்?" என்பதுதான். அடுத்து ராம், எஸ்.எஸ்.டி., மானிட்டர் என்று பட்டியல் நீளும். கடைசியில் கையில் மிச்சம் இருக்கும் பணத்தைக் காட்டி, "இதற்குள் ஏதாவது ஒரு மதர்போர்டு கொடுங்கள்" என்பார்கள். எந்த ஊரிலும் இது தவறுதான். ஜெகதாப்பட்டினம் போன்ற ஊரில் இது பணத்தைக் கடலில் போடுவதற்குச் சமம்.

புதுக்கோட்டை மாவட்டத்தின் கடலோரத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கும் மீன்பிடி ஊர் இது. கம்ப்யூட்டர் பாகங்களை நாலு கடை ஏறி இறங்கி விலை கேட்டு வாங்க வேண்டும் என்றால் திருச்சிக்குப் போக வேண்டும். நூறு கிலோமீட்டருக்கும் மேல். விசைப்படகுத் தொழிலை நம்பி இருக்கும் வீடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். பிள்ளைகளுக்குக் கல்லூரி விண்ணப்பம், அட்மிஷன் என்று கம்ப்யூட்டர் தேவைப்படும் மாதங்களும் அவையே. அந்த நேரத்தில் போர்டு போய்விட்டால் புதிதாக வாங்கக் கையில் காசு இருக்காது. எனவே இங்கு மலிவான மதர்போர்டு என்றால் விலை குறைந்த போர்டு என்று அர்த்தமில்லை. நாலைந்து வருடம் தொந்தரவு தராமல் ஓடும் போர்டுதான் மலிவானது.

உப்புக் காற்று என்ன செய்யும்?

கடல் அலை உடையும்போது கண்ணுக்குத் தெரியாத உப்புத் துகள்கள் காற்றில் கலக்கின்றன. சிபியுவில் இருக்கும் ஃபேன் இந்தக் காற்றை உள்ளே இழுத்து, தூசியோடு சேர்த்து மதர்போர்டின் மேல் படிய வைக்கிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரைந்துவிடும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான். உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும். காலின் நுனியைவிட நெருக்கமாக இருக்கும் செம்புத் தடங்களுக்கு இடையே இந்த ஈரம் பாலம் போடுகிறது. மெதுவாகப் பச்சைக் களிம்பும் ஏறுகிறது. பெரும்பாலும் முதலில் அடிபடுவது பின்பக்கத்து யு.எஸ்.பி., லேன், வி.ஜி.ஏ. போர்ட்டுகளும் ராம் ஸ்லாட்டும்தான். கம்ப்யூட்டர் ஆன் ஆகிறது, மானிட்டரில் ஒன்றும் வரவில்லை என்ற புகாருக்கு ராம் ஸ்லாட் ஒரு முக்கிய காரணம்.

படகில் ஜி.பி.எஸ்., எக்கோ சவுண்டர், வயர்லெஸ் வைத்திருப்பவர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பேட்டரி முனையில் கிரீஸ் தடவும் பழக்கத்தில் மதர்போர்டிலும் எதையாவது தடவிவிடாதீர்கள். வார்னிஷ் ஸ்பிரேயும் வேண்டாம். ஸ்லாட்டுக்குள் போனால் போர்டு வீண், வாரண்டியும் போய்விடும்.

இன்டெல் போர்டு கேட்கலாமா?

இன்றும் சிலர் கடையில் போய், "ஒரிஜினல் இன்டெல் போர்டு கொடுங்கள்" என்கிறார்கள். 845, 865 காலத்துப் பழக்கம். டெஸ்க்டாப் மதர்போர்டு தயாரிப்பிலிருந்து விலகுவதாக இன்டெல் 2013ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது. சிப்செட் மட்டும்தான் இன்டெல் தருகிறது. போர்டைச் செய்பவர்கள் ஆசுஸ், ஜிகாபைட், எம்.எஸ்.ஐ., ஏ.எஸ்.ராக் போன்ற நிறுவனங்கள். ஆகவே பெட்டியின் மேல் இருக்கும் பெயரைவிட, உள்ளே இருக்கும் சாக்கெட்டையும் சிப்செட்டையும்தான் பார்க்க வேண்டும்.

பிராசசர் உட்காரும் இடம் சாக்கெட். இதற்கும் பிராசசருக்கும் பொருந்தாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. எல்.ஜி.ஏ. 1700 சாக்கெட்டில் இன்டெலின் 12, 13, 14ஆம் தலைமுறை பிராசசர்கள் பொருந்தும். இதற்கான குறைந்த விலை சிப்செட் எச்610, 2022இல் வந்தது. ஏ.எம்.டி. பக்கம் ஏ.எம்.4 சாக்கெட்டுக்கு ஏ520, பி450 ஆகியவை சிக்கனமானவை. 2022இல் வந்த ஏ.எம்.5 சாக்கெட் டி.டி.ஆர்.5 ராமை மட்டுமே ஏற்கும்.

இங்கேதான் ராமையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். ஏ.ஐ. சர்வர்களுக்கு மெமரி சிப்புகள் பெருமளவில் போனதால் 2025ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் ராம் விலை உலகம் முழுவதும் கடுமையாக ஏறியது. உங்களிடமோ உறவினரிடமோ பழைய டெஸ்க்டாப்பின் நல்ல டி.டி.ஆர்.4 ராம் இருந்தால், அதை ஏற்கும் போர்டை வாங்குவதே புத்திசாலித்தனம். எச்610 போர்டு டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 என்று இரண்டு வகையிலும் வருகிறது. ஒன்றுக்கானதில் மற்றது உட்காராது. பில் போடும் முன் மாடல் பெயரை முழுவதும் படியுங்கள்.

இரண்டாயிரம் ரூபாய் போர்டு

எச்610, ஏ520 போர்டுகள் கடந்த சில ஆண்டுகளாக ஏறத்தாழ 5,000 முதல் 8,000 ரூபாய்க்குள் கிடைத்து வந்தன. அதன் பக்கத்திலேயே எச்61, எச்81 என்று இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்கும் "புது" போர்டு இருக்கும். ஆசைப்படாதீர்கள். எச்61 என்பது 2011ஆம் ஆண்டின் சிப்செட், எச்81, 2013. இந்தப் போர்டுகளில் பல, பழைய போர்டுகளிலிருந்து கழற்றிய சிப்புகளைக் கொண்டு மறுபடி செய்யப்பட்டவை. நானும் ஒருமுறை இப்படி ஏமாந்தேன். பெட்டி புதிது, கவர் புதிது. எட்டாவது மாதம் லேன் போர்ட் செத்தது. மாற்றிக் கொடுத்த போர்டும் அதே ரகம்தான்.

இவற்றில் பொருந்தும் பிராசசர்கள் விண்டோஸ் 11க்கான மைக்ரோசாஃப்ட்டின் பட்டியலில் இல்லை. இன்டெலில் எட்டாம் தலைமுறையும் டி.பி.எம். 2.0 வசதியும் அதற்கு வேண்டும். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவோ 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. பழைய போர்டில் லினக்ஸ் போட்டு ஓட்டத் தெரிந்தவருக்குப் பரவாயில்லை. முதல் முறையாகக் கம்ப்யூட்டர் வாங்கும் வீட்டுக்கு இது வேண்டாம்.

எதற்குக் காசு, எதற்கு வேண்டாம்?

வண்ண விளக்கு, நாலு ராம் ஸ்லாட், ஓவர்கிளாக் வசதி எதுவும் வீட்டு உபயோகத்துக்குத் தேவையில்லை. இரண்டு ராம் ஸ்லாட் போதும். என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி. பொருத்த எம்.2 ஸ்லாட் ஒன்றாவது இருக்கட்டும். வீட்டில் பழைய மானிட்டர் இருந்தால் வி.ஜி.ஏ. போர்ட் உள்ள போர்டாகப் பாருங்கள். எச்610 போர்டுகள் பலவற்றில் இருக்கிறது. வைஃபை இல்லாவிட்டால் கவலை வேண்டாம், யு.எஸ்.பி.யில் செருகும் சிறிய வைஃபை அடாப்டர் போதும்.

பிராசசருக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பகுதியை வி.ஆர்.எம். என்பார்கள். சாக்கெட்டின் இடப்பக்கம் வரிசையாக இருக்கும் சிறு கட்டங்கள். குறைந்த விலை போர்டுகளில் பலவற்றில் இதற்கு மேல் ஹீட்சிங்க் இருக்காது. கோர் ஐ3 12100, ரைசன் 5 5600ஜி போன்றவற்றுக்கு இது போதும். அதே போர்டில் ஐ7, ஐ9 போட்டால் சூட்டில் வேகம் குறையும். இந்த இரண்டு பிராசசர்களிலும் கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. 12100எஃப் என்று பின்னால் "எஃப்" சேர்ந்தால் கிராபிக்ஸ் கிடையாது. தனியாக கார்டு வாங்காமல் படம் வராது. விலை குறைகிறதே என்று அதை வாங்கிவிட்டு விழிப்பவர்கள் நிறைய.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பின்தகடு, ஈரம் தாங்கும் போர்டு என்று சில மாடல்களுக்கு விளம்பரம் வருகிறது. ஒரே விலையில் கிடைத்தால் கடலோரத்தில் இருப்பவர்கள் அதையே எடுக்கலாம். அதற்காக ஆயிரம் ரூபாய் கூடக் கொடுக்க வேண்டாம். அந்த ஆயிரத்தை நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸில் போடுங்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து இந்தப் பகுதி நாட்கணக்கில் இருட்டில் கிடந்தது நினைவிருக்கும். மின்சாரம் போய் வரும்போது ஏறி இறங்கும் வோல்டேஜை முதலில் தாங்குவது எஸ்.எம்.பி.எஸ்.தான். அது மட்டமாக இருந்தால் எந்த போர்டும் நிற்காது. பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸையே பயன்படுத்துவதாக இருந்தால், போர்டு கேட்கும் 8 பின் சிபியு கனெக்டர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று பின் பிளக்கில் எர்த் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்பதை எலக்ட்ரீஷியனிடம் சோதித்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போதும் வாங்கிய பிறகும்

திருச்சியிலோ சென்னை ரிச்சி தெருவிலோ வாங்கினால் பிராசசர், ராம், போர்டு மூன்றையும் ஒரே கடையில் எடுத்து, அங்கேயே பொருத்தி பயாஸ் திரை வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஏ.எம்.4 போர்டு பழைய ஸ்டாக்காக இருந்தால் பயாஸை அப்டேட் செய்யாமல் புதிய பிராசசர் இயங்காது. அங்கேயே செய்து தரச் சொல்லலாம். ஊருக்கு வந்துவிட்டால் மறுபடி ஒரு பஸ் பயணம். ஜி.எஸ்.டி. பில்லில் போர்டின் சீரியல் எண் எழுதப்பட்டிருக்க வேண்டும். பெயருள்ள நிறுவனங்கள் பொதுவாக மூன்று ஆண்டு வாரண்டி தருகின்றன. ஆனால் துரு, களிம்பு, வளைந்த பின் ஆகியவற்றுக்கு வாரண்டி கிடைக்காது என்பதும் பொதுவான நிபந்தனை. இன்டெல் சாக்கெட்டை மூடியிருக்கும் பிளாஸ்டிக் மூடியைத் தூக்கி எறியாதீர்கள். சர்வீஸுக்கு அனுப்பும்போது அது இல்லாவிட்டால் பின் வளைந்துவிடும் ஆபத்து உண்டு.

வீட்டில் கடல் பக்கத்து ஜன்னலுக்கு எதிரே சிபியுவை வைக்க வேண்டாம். தரையிலும் வேண்டாம். தினமும் ஒரு மணி நேரமாவது ஓட விடுங்கள். உள்ளே எழும் சூடே ஈரத்தை விரட்டும். மூடி வைத்து மாதக்கணக்கில் சும்மா கிடக்கும் கம்ப்யூட்டரில்தான் களிம்பு வேகமாகப் பிடிக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மின்சாரத்தை முழுவதும் துண்டித்துவிட்டு, மெல்லிய பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். ராமின் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்ப்பது நம் ஊர் மெக்கானிக்குகளின் பழக்கம். அடிக்கடி செய்தால் அந்த மெல்லிய முலாம் தேய்ந்துவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு மாட்டுங்கள்.