உங்களுக்குத் தெரியுமா? வீட்டு ரவுட்டரில் வி.பி.என்.

2022 ஏப்ரல் 3ஆம் திகதி, நள்ளிரவு தாண்டியதும் இலங்கையில் பேஸ்புக், வாட்ஸ்அப், யூடியூப் எல்லாம் நின்றுபோயின. பாதுகாப்பு அமைச்சு கேட்டதன்பேரில் விதிக்கப்பட்ட தடை அது. அன்றைய அமைச்சர் நாமல் ராஜபக்ஷவே, தான் வி.பி.என். வழியாகத்தான் எழுதுவதாகவும், இப்படிப்பட்ட தடைகளால் பயனில்லை என்றும் ட்விட்டரில் பதிந்தார். அன்றைக்கே தடை நீங்கியது. 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் வந்த தடைகளோ நாட்கணக்கில் நீடித்தன. கட்டாரிலும் குவைத்திலும் பிள்ளைகள் வேலை செய்யும் இறக்குவானை, எட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்ட வீடுகளுக்கு வாட்ஸ்அப் நின்றால் பேச்சே நின்ற மாதிரிதான்.

அப்போது கைகொடுப்பது வி.பி.என். நம் இணையப் போக்குவரத்தைப் பூட்டி, வேறொரு சேவையகம் வழியாக அனுப்பும் வழி அது. அதைப் போனிலும் போடலாம், வீட்டு ரவுட்டரிலும் போடலாம். போனில் வி.பி.என். செயலி போட்டால், எந்த நெறிமுறையில் இணைவது என்பதைப் பெரும்பாலும் அதுவே பார்த்துக்கொள்ளும். ரவுட்டரில் போடும்போது நாம்தான் தெரிவு செய்ய வேண்டும். பழைய ரவுட்டர்களின் பட்டியலில் பி.பி.டி.பி. என்ற நெறிமுறையும் இருக்கும். அதைத் தொடவே வேண்டாம். அதன் பூட்டை உடைக்கும் வழி 2012இலேயே பகிரங்கமாகக் காட்டப்பட்டுவிட்டது.

இன்னொரு நெறிமுறையான ஓப்பன்வி.பி.என். பிறந்த கதை தெரியுமா? மத்திய ஆசியாவில் பயணம் செய்துகொண்டே அலுவலக வேலை பார்த்தவர் ஜேம்ஸ் யோனன். தன் தகவல்கள் யார் யார் நாட்டுக் கம்பிகள் வழியாகப் போகின்றனவோ என்ற கவலையில் அவர் எழுதி, 2001இல் வெளியிட்டது அது. பாதுகாப்பான இணையத்தளங்கள் பயன்படுத்தும் டி.சி.பி. 443 என்ற வாயில் வழியாக விட்டால், வங்கித் தளத்தைத் திறப்பது போன்ற சாதாரணப் போக்குவரத்தாகவே மேலோட்டமாகத் தெரியும். தடைக் காலத்தில் அது பெரிய பலம். ஆனால் மலிவான ரவுட்டரின் சின்ன நுண்செயலி இதற்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறும்.

வயர்கார்ட் என்ற மூன்றாவது நெறிமுறையோ ஏறக்குறைய 4,000 வரி நிரல்தான். 2020 மார்ச்சில் லினக்ஸின் கருவிலேயே அது சேர்ந்தது. சாச்சா20 என்ற அதன் மறையீட்டுக்குத் தனி வன்பொருள் உதவி தேவையில்லை. அதனால் சாதாரண ரவுட்டரிலும் வேகம் கிடைக்கும். தோட்ட வீட்டுக்கு என் தெரிவு இதுதான். சிம்மோடு கிடைக்கும் 4ஜி ரவுட்டரில் இந்த வசதி இல்லாவிட்டால், ஓப்பன்டபிள்யுஆர்டி என்ற ரவுட்டர் மென்பொருள் ஓடக்கூடிய இன்னொரு சிறிய ரவுட்டரை அதன் பின்னால் இணைத்துக்கொள்ளலாம்.

கரண்ட் போய் வந்தபின் வயர்கார்ட் மட்டும் இணைய மறுப்பது ஏன்? பெரும்பாலான வீட்டு ரவுட்டர்களில் கடிகாரத்துக்கென்று பற்றரி கிடையாது. கரண்ட் திரும்பியதும் பழைய திகதியிலேயே விழித்துக்கொள்ளும். வயர்கார்ட் சேவையகமோ கடைசியாகப் பார்த்த நேரத்தை ஞாபகம் வைத்திருந்து, அதற்கு முந்திய நேரத்தோடு வரும் கோரிக்கையைத் தள்ளிவிடும். ரவுட்டர் சரியான நேரத்தைக் கேட்டு வாங்கலாம் என்றால், அந்தக் கேள்வியும் இணையாத வி.பி.என். வழியாகவே போகப் பார்க்கும். நேரமும் வி.பி.என்.னும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே நிற்கும். நேரச் சேவையகத்துக்குப் போகும் பாதையை மட்டும் வி.பி.என்.னுக்கு வெளியே விட்டால் தீர்ந்தது. பங்குனி சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரமானால் இடியும் மின்னலுமாக இருக்கும் இரத்தினபுரி, கேகாலை மலைகளில், அமைக்கும் அன்றே இதைச் செய்துவிடுங்கள்.

யூடியூபுக்கும் வாட்ஸ்அப்புக்கும் தனி டேட்டா தரும் பொதிகள் இருக்கின்றன அல்லவா? வி.பி.என். போட்டதும் நீங்கள் பார்ப்பது யூடியூப் என்று நிறுவனத்துக்குத் தெரியாது. பிள்ளை பார்க்கும் பாடக் காணொளி முழுவதும் பொது டேட்டாவில் கழியும். அதற்கு மேல், ஒவ்வொரு பொட்டலத்துக்கும் வயர்கார்ட் சேர்க்கும் 60 பைட்டும் உங்கள் கணக்கில்தான். மாதச் சம்பளத்தை எண்ணி ரீலோட் போடும் வீட்டில் இது சின்ன விஷயமல்ல. தேவையான ஒரு கணினியை மட்டும் வி.பி.என். வழியாக அனுப்பி, மற்றவற்றை நேரே விடுவதே புத்திசாலித்தனம்.

கொழும்பில் வேலை பார்க்கும் மகன் வி.பி.என். வழியாக வீட்டு ரவுட்டருக்குள் வர முடியுமா? ரவுட்டரின் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையுள்ள எண்களில் தொடங்கினால் நேரடியாக முடியாது. ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்த ஸ்டார்லிங்கின் சாதாரணப் பொதியும் இந்த வகைதான். வாடகைக்கு எடுத்த வெளிச் சேவையகம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே இணைப்பை ஏற்படுத்தி, 25 விநாடிக்கு ஒருமுறை அதை உயிர்ப்பிக்கச் சொன்னால் வழி பிறக்கும்.

டுபாயில் இருக்கும் பிள்ளையோடு வாட்ஸ்அப்பில் பேச இது உதவுமா? அந்த அழைப்புக்கு அங்கேதான் தடை. இங்கே ரவுட்டரில் எந்த வி.பி.என். போட்டாலும் அது திறக்காது. டுபாய் அடங்கிய ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி, குற்றம் செய்யவோ அதை மறைக்கவோ வி.பி.என். பயன்படுத்துபவருக்குச் சிறையோ, 5 இலட்சம் முதல் 20 இலட்சம் திர்ஹம் வரை தண்டமோ, இரண்டுமோ கிடைக்கலாம். அங்கிருக்கும் பிள்ளையிடம் "வி.பி.என். போட்டு வீடியோவில் வா" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். போட்டிம் போல அங்கே அனுமதி உள்ள செயலியில் பேசுங்கள்.