சித்திரையில் கமர்கட், மார்கழியில் சாக்லேட்

சித்திரை மாதத்து மதியம் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு சாக்லேட் வாங்கிப் பிரித்துப் பாருங்கள். கடிக்க முடியாது, காகிதத்தோடு வழித்து நக்கத்தான் முடியும். பக்கத்து ஜாடியில் கிடக்கும் கமர்கட்டுக்கோ 40 டிகிரி வெயில் ஒரு பொருட்டே இல்லை. நம் பல்லுக்குத்தான் ஆபத்து. பிள்ளைகள் இரண்டையும் ‘சாக்லேட்’ என்றே கேட்டு வாங்குகிறார்கள். ஒன்று ஏன் உருகுகிறது, மற்றது ஏன் உருகவில்லை என்று தெரிந்துவிட்டால், கொக்கோவையும் தேங்காயையும் வைத்து வீட்டில் தின்பண்டம் செய்கிற வித்தை பாதி பிடிபட்டுவிடும்.

கமர்கட்டைக் கெட்டியாக நிறுத்தியிருப்பது வெல்லம். சாக்லேட்டை நிறுத்தியிருப்பது கொக்கோ வெண்ணெய் என்கிற கொழுப்பு. கொக்கோ வெண்ணெய் ஆறு விதமாக உறையும் குணமுள்ளது. அதில் ஐந்தாவது விதம்தான் நமக்கு வேண்டியது. பளபளப்பாக இருக்கும், உடைத்தால் ‘டக்’கென்று ஒடியும், ஏறத்தாழ 34 டிகிரியில் உருகும். நம் வாயின் சூடு 37. நாக்கில் வைத்ததும் கரைகிற சுகம் அந்த மூன்று டிகிரி இடைவெளியில்தான் இருக்கிறது. சுவிட்சர்லாந்துக்கு இந்தக் கணக்கு சரி. திண்டிவனத்துக்கு மே மாதத்தில் சரிப்படாது.

கொக்கோ நம் மண்ணுக்கு நேற்று வந்த பயிர் இல்லை. 1798-லேயே கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் நட்டுப் பார்த்திருக்கிறது. இன்று பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு நிழலில் ஊடுபயிராக வளர்கிறது. ஒரு காய்க்குள் வெள்ளைச் சதை மூடிய 30, 40 விதைகள் இருக்கும். அவற்றை ஐந்தாறு நாள் குவித்து மூடிப் புளிக்கவிட வேண்டும். குவியலின் சூடு 45, 50 டிகிரி வரை ஏறும். அந்தப் புளிப்பில்தான் சாக்லேட் வாசனைக்கே வித்து. பிறகு வெயிலில் காயவைத்து, வறுத்து, தோல் நீக்கி அரைக்க வேண்டும். நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே, வானூர் பக்கம் இருக்கிற ஆரோவில்லில் மேசன் அண்ட் கோ என்ற நிறுவனம் தென்னிந்தியத் தோட்டத்துக் கொட்டைகளை வாங்கி இப்படிச் சாக்லேட் செய்கிறது.

அரைப்பதில்தான் வேடிக்கை. வறுத்த கொக்கோப் பருப்பில் எடைக்குப் பாதி கொழுப்பு. அதனால் ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமலே அது குழம்பாகிவிடும். நம்மூர்க்காரர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. வறுத்த மல்லாட்டையை மிக்சியில் அதிக நேரம் ஓட்டினால் பொடி போய் விழுதாகிவிடுகிறதே, அதே சங்கதி. (மணிலாக்கொட்டை, அதாவது வேர்க்கடலை, நம் வாயில் மல்லாட்டை ஆயிற்று. அந்தப் பயிரின் டிஎம்வி ரகங்களில் உள்ள மூன்று எழுத்தும் திண்டிவனம்தான். இங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் கொடுத்த பெயர்.)

நாக்குக்கு 30 மைக்ரானுக்கு மேலான துகள் நறநறப்பாகத் தெரியும். அதற்குக் கீழே கொண்டுவர ஒரு நாள், இரண்டு நாள் விடாமல் அரைக்க வேண்டும். 1879-ல் சுவிட்சர்லாந்தில் ரோடால்ஃப் லிண்ட் இதற்கென்றே கல் உருளையும் தொட்டியும் கொண்ட இயந்திரம் ஒன்றைச் செய்தார். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சின்ன அளவில் சாக்லேட் செய்யக் கிளம்பியவர்கள், பெரிய இயந்திரம் வாங்கக் காசில்லாமல் தேடிப் பிடித்தது எதை தெரியுமா? நாம் இட்லிக்கு அரைக்கிற கல் கிரைண்டரை! இன்று உலகமெங்கும் சிறு சாக்லேட் பட்டறைகளில் சுற்றுவது அதன் வாரிசுதான். அதற்காக வீட்டுக் கிரைண்டரை இரண்டு நாள் ஓட்டிவிடாதீர்கள். மாவு அரைக்கிற மோட்டாருக்கு அந்தப் பொறுமை கிடையாது.

இனி தேங்காய்க்கு வருவோம். தோப்பில் சேர்ந்து வளர்கிற இரண்டும் வாணலியில் ஒத்துப்போவதில்லை. முதல் தகராறு தண்ணீரால் வருவது. பச்சைத் தேங்காயில் ஏறக்குறைய பாதி ஈரம். உருக்கிய சாக்லேட்டில் சிறிது ஈரம் பட்டாலும் அதிலுள்ள சர்க்கரைத் துகள்கள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நான் முதல்முறை செய்தபோது அப்போதுதான் துருவிய தேங்காயை அப்படியே கொட்டினேன். பளபளவென்று ஓடிக்கொண்டிருந்த குழம்பு அரை நிமிடத்தில் இறுகி, கரண்டியைப் பிடித்துக்கொண்டது. அத்தை எட்டிப் பார்த்தார். “இன்னாடா இது, களி கிண்டி வச்சிருக்க?” களிக்காவது தொட்டுக்கொள்ளக் குழம்பு உண்டு. இதற்கு அதுவும் இல்லை.

இரண்டாவது தகராறு எண்ணெய். சாக்லேட்டை இளக்கமாக்க இரண்டு கரண்டி தேங்காயெண்ணெய் விடச் சொல்லும் குறிப்புகள் நிறைய உலவுகின்றன. தேங்காயெண்ணெய் 25 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும். மார்கழிக் காலையில் புட்டியில் உறைவதும், வெயில் ஏறியதும் இளகுவதும் நாம் பார்ப்பதுதான். அது கலந்தால் கொக்கோ வெண்ணெய் சரியாக அடுக்கி உறைய முடியாது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த ஐந்தாவது நிமிடம் கை முழுக்கச் சாக்லேட். கடையில் மலிவாகக் கிடைக்கும் ‘கம்பவுண்ட்’ கட்டியோ வேறு ஜாதி. அதில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் பெரும்பாலும் பனைவிதை எண்ணெய் போன்ற தாவரக் கொழுப்பு. வேலைக்குச் சுலபம், ருசிக்குச் சுமார். லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

ஆகவே மார்கழி, தை மாதங்களில் நல்ல சாக்லேட்டை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் 45 டிகிரி வரை உருக்கி, கிளறிக்கொண்டே 27-க்கு இறக்கி, மறுபடி 31-க்கு ஏற்றி, ஈரம் போக வறுத்த கொப்பரைத் துருவலையும் மல்லாட்டையையும் அதில் புரட்டித் தட்டில் வையுங்கள். வெப்பமானி இல்லாமல் இது கைகூடாது. சில நாளில் மேலே வெள்ளை பூத்தால் பூஞ்சணம் என்று தூக்கி எறிய வேண்டாம். பெரும்பாலும் அது மேலே வந்து உறைந்த கொழுப்பு, தின்னலாம்.

சித்திரை, வைகாசியில் அந்தப் பக்கமே போகாதீர்கள். கமர்கட் கிண்டுங்கள். ஒரு கிண்ணம் வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, வடிகட்டிக் கொதிக்கவிடுங்கள். தண்ணீர் ஆவியாகப் போகப் பாகின் சூடு 120 டிகிரியைத் தாண்டும். ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு உருட்டித் தட்டில் போட்டால் ‘ணங்’கென்று சத்தம் வர வேண்டும். அப்போது வறுத்த தேங்காய்த் துருவல் ஒரு கிண்ணம் சேர்த்துச் சுருளக் கிளறி, அடுப்பை அணைத்த பிறகு இரண்டு கரண்டி கொக்கோப் பொடி. முன்பே போட்டால் அடிப்பிடித்துக் கசக்கும். கையில் நெய் தடவி, சூடு ஆறும் முன் நெல்லிக்காய் அளவுக்கு உருட்ட வேண்டும். கொழுப்பின் பெரும்பகுதியைப் பிழிந்தெடுத்த பொடி என்பதால் வெயிலில் உருக அதில் அதிகம் ஒன்றுமில்லை. வாசனை சாக்லேட், உடம்பு கமர்கட்.

உடம்புக்கு நல்லதா என்று கேட்பீர்கள். வெல்லம் போட்டதால் மட்டும் நல்லதாகிவிடாது. கலோரியில் அது சர்க்கரைக்குத் தம்பிதான். தேங்காய்க் கொழுப்பில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற வகை. ஒரு நாளைக்குத் தேவையான கலோரியில் சேர்க்கப்பட்ட இனிப்பு பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. பெரியவர்களுக்கு அது சுமார் 50 கிராம், காப்பிக்குப் போடுவதும் சேர்த்து. வீட்டில் செய்வதில் லாபம் ஒன்றுதான். என்ன போட்டோம், எவ்வளவு போட்டோம் என்பது நமக்குத் தெரியும். இனிப்பை முக்கால் பங்காகக் குறைக்கவும் செய்யலாம். கொக்கோப் பொடி வாங்கும்போது காரம் (ஆல்கலி) சேர்த்துப் பதப்படுத்தாததைக் கேளுங்கள். காரம் சேர்த்தால் நிறம் கறுக்கும், ஆனால் கொக்கோவின் நல்ல சத்துகளில் ஒரு பகுதி போய்விடும்.

ஆளுக்கு ஒன்று கொடுங்கள். வீட்டு நாய்க்கு மட்டும் துண்டுகூட வேண்டாம். கொக்கோவிலுள்ள தியோபுரோமின் நாம் தின்கிற அளவில் நமக்குக் கெடுதல் செய்யாது, நாய்க்கு விஷம்.