கழிவுக்கு வந்த விலை

பழைய ஏசியைத் திறந்து பார்க்கும் மெக்கானிக் "ஆர்-22 கேஸ் இறங்கிடுச்சு சார்" என்பார். அந்த ஆர்-22 தயாராகும் ஆலைக்குள் கூடவே இன்னொரு வாயுவும் பிறக்கிறது. அதை யாரும் விரும்பித் தயாரிப்பதில்லை. ஆனாலும் உலகின் கார்பன் சந்தையைச் சில ஆண்டுகள் ஆட்டிவைத்தது அந்த வாயுதான்.

குளோரோஃபார்ம் மூலக்கூறில் மூன்று குளோரின் அணுக்கள் உண்டு. ஹைட்ரஜன் ஃப்ளோரைடுடன் வினைபுரியவைத்து, இரண்டு குளோரின்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஃப்ளோரினை உட்காரவைத்தால் ஆர்-22 கிடைக்கும். ஏசிக்கும் அதுதான், நான்ஸ்டிக் தவாவின் பூச்சுக்கு மூலப்பொருளும் அதுதான். வினை ஒரு படி கூடுதலாக ஓடி மூன்றாவது குளோரினும் போய்விட்டால் எச்எஃப்சி-23 உண்டாகிவிடுகிறது. ஆர்-22 நூறு கிலோவுக்கு இது இரண்டு, மூன்று கிலோ சேரும். வாங்குவோர் அதிகம் இல்லாததால் பல காலம் அதைக் குழாய் வழியே வானில் விட்டுவந்தார்கள்.

மனித மூக்குக்கும் கண்ணுக்கும் அது தெரியாது. ஆனால் வேதியியலில் மிக வலுவான பிணைப்புகளில் ஒன்றான கார்பன்-ஃப்ளோரின் பிணைப்பு அதற்குள் மூன்று முறை இருக்கிறது. அதனால் வெயிலும் மழையும் அதை எளிதில் சிதைக்க முடிவதில்லை. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் காற்றில் நிலைக்கிறது. நீராவியும் கார்பன் டைஆக்சைடும் தடுக்காமல் விட்டுவிடுகிற அகச்சிவப்பு அலைநீளங்களை இது பிடித்துக்கொள்கிறது. பூமி தன் வெப்பத்தை வெளியே அனுப்பத் திறந்திருந்த ஜன்னலையே இது அடைக்கிறது. கியோட்டோ ஒப்பந்தக் கணக்கில் இதன் ஒரு கிலோ, 11,700 கிலோ கார்பன் டைஆக்சைடுக்குச் சமம்.

கியோட்டோ ஒப்பந்தம் 1997-ல் உருவாகி 2005-ல் நடைமுறைக்கு வந்தது. தூய்மை வளர்ச்சி முறை என்ற ஏற்பாடு அதில் இருந்தது. வளரும் நாட்டில் ஓர் ஆலை தன் உமிழ்வைக் குறைத்தால், குறைத்த டன் ஒவ்வொன்றுக்கும் ஒரு கார்பன் கிரெடிட் கிடைக்கும். பணக்கார நாடுகள் அதை வாங்கித் தங்கள் உமிழ்வுக்கு ஈடாகக் காட்டலாம். எங்கே குறைத்தால் மலிவோ அங்கே குறைப்போம் என்ற நினைப்பில் தவறில்லை. எச்எஃப்சி-23-ஐ உயர்வெப்ப உலையில் எரித்தழிக்க ஆகும் செலவும் மிகக் குறைவு. ஆகவே 19 ஆலைகள் பதிவு செய்துகொண்டன. சீனாவில் பதினொன்று, இந்தியாவில் ஐந்து. அந்த ஐந்தில் ஒன்று நம் மேட்டூரில். தொடக்க ஆண்டுகளில் உலகம் முழுவதும் வழங்கப்பட்ட கிரெடிட்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு வாயுவை எரித்துக் கிடைத்தவை.

ஒரு டன் ஆர்-22 தயாரிக்கும்போது 30 கிலோ கழிவு வாயு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை எரித்தால் 351 கிரெடிட். ஒன்று பத்து யூரோ என்றாலும் 3,510 யூரோ! ஆர்-22-ஐ விற்று வருவதைவிட இது அதிகம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர் மைக்கேல் வாரா 2007-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்: பத்து கோடி யூரோவுக்குள் முடியக்கூடிய வேலைக்கு 470 கோடி யூரோ கொடுக்கப்படவிருக்கிறது. சீன அரசு இந்த வருமானத்தில் 65 சதவீதத்தை எடுத்துக்கொண்டது. அதன் பிறகும் ஆலைகளுக்கு லாபம்தான்.

கழிவு இங்கே முதன்மைச் சரக்காகிவிட்டது. இதை எதிர்பார்த்து விதிகளில் வரம்பு வைத்திருந்தார்கள்: பழைய ஆலைகளுக்கு மட்டும்தான் கிரெடிட், கழிவின் அளவு மூன்று சதவீதத்துக்கு மேல் போனால் கணக்கில் வராது. ஆனால் அந்த வரம்பே ஆலைகளுக்கு இலக்காக மாறியது. கழிவு குறைவாக வரும்படி வினையைச் சீராக்க வழி இருந்தும், அப்படிச் செய்ய எந்தக் காரணமும் இல்லை. ரஷ்யாவில் இதற்கு இணையான திட்டத்தில் அந்த வரம்பு விலக்கப்பட்டபோது, கழிவு வாயு முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு உயர்ந்ததை 2015-ல் ஓர் ஆய்வு காட்டியது.

கார்பன் ஈடுசெய்தலில் என்னை உறுத்துவது இதுதான். ஒரு கிரெடிட் என்பது ஒரு கழித்தல் கணக்கு. திட்டம் இல்லாதிருந்தால் எவ்வளவு உமிழ்ந்திருக்கும் என்பதிலிருந்து இப்போதைய உமிழ்வைக் கழிக்கிறோம். இரண்டாவதைக் கருவி வைத்து அளக்கலாம். முதலாவது நடக்கவே இல்லை; அதை எழுதித் தருபவரோ அந்தக் கிரெடிட்டை விற்கப்போகிறவர். காடு காப்பதற்கு இன்று விற்கப்படும் கிரெடிட்களிலும் இதே முடிச்சு இருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியம் 2013 மே முதல் இந்த வாயுவின் கிரெடிட்களை ஏற்க மறுத்தது. 2016 அக்டோபரில் இந்தியா தன் ஆலைகளுக்கு ஆணையிட்டது: சொந்தச் செலவில் எரித்து அழித்துவிடுங்கள். அதே மாதம் கிகாலியில் உலக நாடுகள் கூடி, இந்த வாயுவை இயன்றவரை அழிக்க வேண்டும் என்று ஓசோன் படலத்தைக் காக்கும் மாண்ட்ரியல் ஒப்பந்தத்தில் சேர்த்தன. பல ஆயிரம் கோடி ரூபாய் கொடுத்து வாங்கிய வேலையை ஒரு சாதாரண விதியாலேயே கேட்டுப் பெற முடிந்தது. முதலிலேயே அதைச் செய்திருக்கலாம் என்றே நினைக்கிறேன்.

ஆனால் விதியை எழுதினால் மட்டும் போதாது என்பதைக் காற்று சொன்னது. அயர்லாந்தின் மேஸ் ஹெட், டாஸ்மேனியாவின் கேப் கிரிம் போன்ற கடலோர நிலையங்களில் விஞ்ஞானிகள் காற்றைப் பிடித்து, லட்சம் கோடியில் சில பங்காக இருக்கும் வாயுவையும் அளக்கிறார்கள். நாடுகள் கொடுத்த அறிக்கைகளின்படி 2017-க்குள் எச்எஃப்சி-23 உமிழ்வு ஏறக்குறைய 90 சதவீதம் விழுந்திருக்க வேண்டும். 2020-ல் வெளியான ஆய்வில் 2018-ன் உமிழ்வு சுமார் 15,900 டன் என்று தெரிந்தது. அதுவரை பதிவானவற்றிலேயே அதிகம். ஒன்று, அழித்ததாகச் சொன்னதில் பெரும்பகுதி அழியவில்லை. அல்லது கணக்கில் வராத உற்பத்தி எங்கோ நடக்கிறது.

எரிப்பதே பலன் தராத முறையோ என்ற சந்தேகத்தையும் சோதித்தார்கள். நெதர்லாந்தில் இந்த வாயுவை எரித்தழிக்கும் ஓர் ஆலையிலிருந்து அடையாள வாயு ஒன்றைத் தெரிந்த அளவில் வெளியே விட்டு, கபாவ் என்ற இடத்திலுள்ள உயரமான கோபுரத்தில் அதையும் எச்எஃப்சி-23-ஐயும் சேர்த்து அளந்தார்கள். 2024-ல் முடிவு வந்தது. ஒழுங்காக இயக்கினால் எரிப்பு உலை வேலை செய்கிறது. எல்லா ஆலைகளும் அப்படி இயங்கினால் உலகின் எச்எஃப்சி-23 உமிழ்வில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் குறைந்துவிடும்.