மலாவியின் இரண்டு மூட்டை உரம்

உர மானியம் பற்றி நம் கூட்டங்களில் பேச்சு வந்தால், "அதனால் விளைச்சலே கூடவில்லை" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். கைதட்டலும் கிடைக்கிறது. ஆனால் கணக்கு அப்படிச் சொல்லலையே! வங்கியில் வரவு செலவு பார்த்தே பழகிய கண் எனக்கு. ஆப்பிரிக்காவில் உள்ள மலாவி நாட்டின் கணக்கைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

அங்கே மக்காச்சோளம்தான் சோறு. 2005ல் மழை பொய்த்து, விளைந்தது சுமார் 12 லட்சம் டன். ஊரெல்லாம் பசி. உதவி தரும் நாடுகள் தயங்கியும் கேட்காமல், அதிபர் பிங்கு வா முத்தாரிகா கூப்பன் திட்டத்தைத் தொடங்கினார். அடியுரம் ஒரு மூட்டை, யூரியா ஒரு மூட்டை, கூடவே கொஞ்சம் விதை, எல்லாம் மலிவு விலையில். மறு வருஷம் சுமார் 26 லட்சம் டன். 2007ல் 30 லட்சத்தைத் தாண்டியது என்றது அரசு. ஜிம்பாப்வேக்கு ஏற்றுமதியே நடந்தது.

விதைக்கிற நேரத்தில் கையில் காசில்லாத குடும்பத்துக்கு அந்த மூட்டை பெரிய ஆதரவு. இதை நாம் மறுக்கக் கூடாது. ஆனால் அந்த இரண்டு வருஷமும் மழையும் நன்றாகப் பெய்தது. வானம் தந்த வரவையும் சேர்த்து மூட்டையின் பேரிலேயே எழுதிவிட்டார்கள். எந்த ஆடிட்டர் ஒத்துக்கொள்வார்?

செலவுப் பக்கம் இன்னும் மோசம். மலாவிக்குக் கடற்கரை கிடையாது. உரம் அண்டை நாட்டுத் துறைமுகத்தில் இறங்கி லாரியில் வரணும். 2008ல் உலகச் சந்தையில் உர விலை எகிறியபோது, வேளாண்மைக்கான அரசுப் பணத்தில் பாதிக்கு மேல் இந்த மூட்டைகளுக்கே போனது. இது கிணறு வெட்டக் கொடுத்த கடன் மாதிரி இல்லை; வருஷா வருஷம் புதுப்பிக்கிற நகைக்கடன். நகை மட்டும் வீடு திரும்பாது. 2016ல் மறுபடி வறட்சி. 60 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு உணவு உதவி தேவைப்பட்டது. மானியம் அப்போதும் நடந்துகொண்டுதான் இருந்தது.

மட்கு இல்லாத மண்ணில் ஈரம் நிற்காது, போட்ட யூரியாவும் தங்காது. வடக்கு மலாவியில் எக்வெண்டேனி என்ற ஊரைச் சுற்றியுள்ள விவசாயிகள் 2000 முதலே வேறு வழி பார்த்தார்கள். துவரை, நிலக்கடலை விதைத்து, அறுவடை முடிந்ததும் தழையை எரிக்காமல் மண்ணுக்குள் புதைத்தார்கள். நம்ம தருமபுரி மானாவாரிக்காரருக்குத் துவரையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மண்ணுக்குத் தழைச்சத்து, பிள்ளைகள் தட்டுக்குப் பருப்பு.

பிற்பாடு அரசுக் கூப்பனிலும் பயறு வகை விதையைச் சேர்த்தார்கள். எவ்வளவு தெரியுமா? 2 கிலோ. உரம் 100 கிலோ.