நகரத்தின் பணமும் நமது மரக்கறிக் கூடையும்

கண்டி மாநகர சபைக்குச் சோலைவரி, வியாபார உரிமக் கட்டணம், சந்தைக் கடை வாடகை முதலியவற்றால் வருமானம் வருகிறது. அது பொதுப்பணம். சந்தையைத் திருத்தச் சபையும் வர்த்தகர் சங்கமும் சேர்ந்து பணம் போடுவது நல்லதே. ஆனால் வர்த்தகர் சங்கம் கடைக்காரருடையது. விக்டோரியா நீர்த்தேக்கத்தாலோ மண்சரிவாலோ காணி இழந்து, கூடையில் மரக்கறி கொண்டுவரும் நமக்கு அங்கே குரல் இல்லை. உடன்படிக்கையில் நமது இடம் விடுபட்டால் நடைபாதையும் போய்விடும்.

ஆகவே கேட்போம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, எந்தப் பிரஜையும் சபையின் தகவல் உத்தியோகத்தரிடம் எழுத்தில் விண்ணப்பிக்கலாம். காரணம் கூறத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் முடிவு அறிவிக்கப்பட வேண்டும். யார் எவ்வளவு கொடுக்கிறார், கூடை வியாபாரிக்கு எவ்வளவு இடம் என்று கேட்போம். வேலை தொடங்குமுன் கேட்பதே பயன் தரும்.