ஆலமரமும் பாண்டி பஜாரும்: கட்டுரையின் வகைகள்

முன்னுரை, பொருளுரை, முடிவுரை. தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எவருக்கும் இந்த மூன்றும் மனப்பாடம். பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் குறிப்புகளைக் கொடுத்துவிடுவார்கள். அவற்றை உட்தலைப்புகளாக்கி, அடியில் கோடு போட்டு, ஒவ்வொன்றின் கீழும் நாலு வரி எழுதினால் கட்டுரை முடிந்தது. சட்டகம் நல்லதுதான். தலைப்பு என்ன கேட்கிறது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் அதற்குள் திணிக்கும்போதுதான் எழுத்தில் உயிர் போய்விடுகிறது.

அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரத்தை எடுத்துக்கொள்வோம். 'நான் கண்ட ஆலமரம்' என்றால் வருணனை. கண் போகும் வழியில் எழுத்தும் போக வேண்டும்: தூரத்துப் பச்சை, பிறகு விழுதுகள், பிறகு நிழல். 'ஆலமரம் பேசுகிறது' என்றால் தன்வரலாறு. அதற்குக் காலவரிசை வேண்டும், ஆனால் எல்லாக் காலத்துக்கும் சம இடம் வேண்டாம். 1989-இல் சூறைக்காற்றில் அந்த மரத்தின் தாய்த்தண்டு சாய்ந்ததே, அதை விரித்து எழுதலாம். மற்ற நூற்றாண்டுகளை இரண்டு வரியில் கடந்துவிடலாம். 'தாய்த்தண்டு போன பிறகும் மரம் எப்படி வாழ்கிறது?' என்றால் விளக்கக் கட்டுரை. கிளையிலிருந்து இறங்கும் விழுது மண்ணைத் தொட்டதும் வேர்விடுகிறது, தடித்துத் தண்டாகிறது, கிளையைத் தாங்குவதோடு நீரும் ஊட்டுகிறது. இதில் ஒரு படி விட்டுப்போனாலும் படிப்பவருக்குப் புரியாது. அடைமொழிகளுக்கு இங்கே வேலை குறைவு.

மாணவர்கள் அதிகம் தடுமாறுவது வாதக் கட்டுரையில். தி.நகர் பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் அகலமான நடைபாதை வளாகத்தைத் திறந்தார்கள். 'கடைத்தெருவில் நடப்பவர்களுக்கே முதலிடமா?' என்று ஒரு தலைப்பு வருகிறது என்று வையுங்கள். 'நன்மைகள்', 'தீமைகள்' என்று இரண்டு உட்தலைப்பு போட்டு, கடைசியில் 'எதற்கும் அளவு வேண்டும்' என்று முடிப்பதுதான் வழக்கம். எழுதியவர் என்ன நினைக்கிறார் என்பதே அதில் தெரியாது. முன்னுரையிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும்: 'காரில் வந்தாலும் பஸ்ஸில் வந்தாலும் கடைக்குள் எல்லாரும் நடந்துதான் நுழைகிறோம்; ஆகவே நடப்பவருக்கே முதலிடம்.' அடுத்து பத்திக்கு ஒரு காரணம். பிறகு எதிர்த்தரப்பு: வண்டியை எங்கே நிறுத்துவது, நெரிசல் பக்கத்துத் தெருவுக்குப் போகாதா? இதை முழு பலத்தோடு எழுதிவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். சொத்தையான எதிர்வாதத்தை நிறுத்தி வீழ்த்தினால் திருத்துபவருக்கு உடனே தெரிந்துவிடும். பதில் கிடைக்காத இடத்தில் உங்கள் கருத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம். முடிவுரை அதற்கான இடம்.

குடிமைப்பணி முதன்மைத் தேர்வில் கட்டுரைத் தாளுக்கு 250 மதிப்பெண். 3 மணி நேரத்தில் இரண்டு கட்டுரை, ஒவ்வொன்றும் 1000 முதல் 1200 சொல், தமிழிலேயே எழுதலாம். அங்கே யாரும் குறிப்பு தர மாட்டார்கள், தலைப்பு மட்டும்தான். அது விளக்கச் சொல்கிறதா, வாதாடச் சொல்கிறதா என்று கண்டுபிடித்துச் சட்டகத்தை நீங்களே போட வேண்டும். தொடக்கத்தில் கொஞ்ச நேரத்தை அதற்கென்றே ஒதுக்கி, ஒவ்வொரு பத்திக்கும் ஒரு வாக்கியக் குறிப்பு எழுதிப் பாருங்கள். இரண்டு பத்திக்கு ஒரே குறிப்பு வந்தால் ஒன்றை அப்போதே அடித்துவிடலாம்.